தட்டு மாறவில்லை

12 ஜூன் 1974, புதன்

பழவேற்காட்டிலிருந்து இன்று என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பியூசி பாஸ் பண்ணியிருக்கிறாள், பி.எஸ்ஸி. நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள் என்று நைனா முன்பே சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்துவிட்டுப் பெரிய மனசு பண்ணினாள்.

"படிக்கட்டும், நான் வாணான்னு சொல்லல. மொதல்ல தாலி ஏறட்டும். அப்பால ஊட்லேர்ந்தே போய்க்கினு வந்துக்கினு இருக்கட்டும்."

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். தட்டை மாற்றிவிடலாம் என்று அப்போதே எழுந்துவிட்டாள்.

கல்லூரிக்கே போய் விசாரித்துவிட்டு வந்தவள் நான். கல்யாணமானவளைச் சேர்க்க மாட்டார்கள். நாலு வருஷமும் ஹாஸ்டலில்தான் இருக்க வேண்டும். என்னோடு வந்த நைனாவும் இதைக் காதால் கேட்டவர்தான். இன்று வாயே திறக்காமல் வெற்றிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் நானே சொன்னேன்.

"நாலு வருசம் என் புள்ள காத்துக்கினு இருக்கணுமா? நீ ஊரான் பீ மூத்திரம் அள்றதுக்கா?" என்றாள் அந்த அம்மா.

"உங்களுக்கு அள்ளுனா மட்டும் நல்ல மருமவளா?" என்று கேட்டுவிட்டேன்.

எழுந்து போய்விட்டார்கள். அம்மா அழுதுவிட்டுப் படுத்துவிட்டாள். "இன்னா வாய் உனுக்கு" என்றார் நைனா. அப்போது திறக்காத அதே வாய்தான் இதைச் சொல்கிறது!

தட்டு கூடத்திலேயே கிடந்தது. நிச்சயத்துக்கு வைத்த வாழைப்பழத்தில் ஒன்றை உரித்துத் தின்றேன். நன்றாக இனித்தது. இன்னொன்றும் தின்றேன்.