பூத்தூவாத சாயங்காலம்

“வழி தப்பா இருந்து, விடை மட்டும் சரியா வந்தா முழு மார்க் போடுவியா வாத்தியாரே?”

இந்தக் கேள்வியை நீ கேட்டு எத்தனையோ வருஷங்கள் ஓடிவிட்டன. நீ கண்ணை மூடியும் சில வருஷங்கள் ஆகின்றன. இன்று காலை திண்டுக்கல் பூ மார்க்கெட்டில், மழையில் நனைந்த செவ்வந்தி மூட்டை ஒன்றை யாரோ என் காலடியில் இறக்கினார்கள். ஈரச் சாக்கும் பூவும் கலந்த அந்த வாசனையில், நீ பக்கத்தில் நின்று மறுபடி கேட்டதுபோல இருந்தது.

பம்பு செட்டுக் கடை நடத்திவந்த நீ, நாற்பதைத் தாண்டிய பிறகு வெளியூர் போய் விமானம் ஓட்டக் கற்று வந்தாய். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை வாங்கி, வடமதுரைக்கு அருகே உன் தரிசு நிலத்தில் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினாய். தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் மாதா கோயில் திருவிழாவில் தேர்ப்பவனியின் மீது வானத்திலிருந்து பூத்தூவலாம் என்று விழாக் குழுவில் யோசனை சொன்னவன் நான்தான். நீ சந்தோஷமாக ஒப்புக்கொண்டாய். அலைந்து திரிந்து அனுமதியெல்லாம் வாங்கினாய்.

அன்று சாயங்காலம் சிறுமலை முகட்டை மேகம் மூடிவிட்டது. சனமெல்லாம் அண்ணாந்து பார்த்தபடி நின்றது. உன்னைக் காணோமே என்று நான் வண்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன். நீ பூ மூட்டைகளை விமானத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாய்.

“இன்னைக்கு ஏறல வாத்தியாரே. மலை முகடு தெரியலைன்னா ஏறுறதில்லைன்னு வச்சிருக்கேன்.”

“செத்த நேர வேலைதானப்பா. கொட்டிட்டு வந்துரலாம்ல?”

“தராசுல இந்தப் பக்கம் பூவும் கைதட்டும்தான் இருக்கு. அந்தப் பக்கம் நான் இருக்கேன், பின் சீட்ல மூட்டை அவுக்குற ஆளு இருக்கான், கீழ நிக்கிற அம்புட்டுச் சனமும் இருக்கு. எது கனம்னு நீயே சொல்லு.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். தேர் புறப்படும் நேரத்தில் பார்த்தால், மேகம் கலைந்து வெயில் பளிச்சென்று அடிக்கிறது. “எங்க நம்ம பைலட்டு?” என்று ஒருவர் கேட்டார்.

“மேகத்தப் பாத்ததும் பம்பு செட்டு ஞாபகம் வந்துருச்சு அவருக்கு” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்பினால், கையாலாவது தூவலாம் என்று அந்தப் பூ மூட்டைகளில் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு நீ நிற்கிறாய். நீயும் சிரித்தாய். அன்றிலிருந்து உனக்குத் ‘தரை பைலட்’ என்று பெயர். கடைக்கு மோட்டார் வாங்க வருகிறவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மறு வருஷத் திருவிழாவிலும் மேகம். முகடு மட்டுமல்ல, மலையே தெரியவில்லை. ஆனால் நீ ஏறிவிட்டாய். ஒரு பக்கம் சாய்ந்து, காற்றில் குலுங்கியபடி விமானம் வந்தது. பாதிப் பூ தேர்மேல், பாதி பக்கத்துச் சோளக்காட்டில். சனம் ஆரவாரம் செய்தது. நான் சால்வையோடு கொட்டகைக்கு ஓடி வந்தேன்.

நீ சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாய். “கலக்கிட்டப்பா!” என்று சால்வையைப் போர்த்தினேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

“அதெப்படிப் போடுவேன்? ஒவ்வொரு ஸ்டெப்புக்கும்தான் மார்க்கு” என்றேன், கணக்கு வாத்தியாராக.

“அப்ப போன வருஷம் எனக்கு எம்புட்டு? இன்னைக்கு எம்புட்டு?”

நழுவிய சால்வையை மறுபடி உன் தோளில் இழுத்துவிட்டேன்.

“இன்னைக்கு நான் வானத்தப் பாத்து ஏறல வாத்தியாரே. உங்க எல்லார் வாயையும் பாத்து ஏறுனேன். ஒருதரம் அப்படி ஏறுனவன் இன்னொருதரமும் ஏறுவான். இது போதும்.”

சால்வையை மடித்து என் கையில் கொடுத்தாய். அப்போதுதான் பின் சீட்டைப் பார்த்தேன். வழக்கமாக மூட்டையை அவிழ்க்கிற ஆளை நீ ஏற்றவில்லை. மூட்டையின் வாயில் கயிறு கட்டி, அதன் நுனியை உன் இருக்கையோரம் இழுத்து வைத்திருந்தாய். தராசின் அந்தப் பக்கம் எவ்வளவு கனம் என்று தெரிந்தேதான் ஏறியிருக்கிறாய். இன்னொருவனை மட்டும் அதிலிருந்து இறக்கிவிட்டு, நீ ஏறியிருக்கிறாய்.

அடுத்த மாதமே விமானத்தை விற்றுவிட்டாய். பிறகும் நாம் ஒன்றாக டீ குடித்தோம், மோட்டார் விலை பேசினோம். நீ ஒருநாளும் என்னைக் குத்திப் பேசவில்லை. மேலே எங்காவது விமானச் சத்தம் கேட்டால் நீ அண்ணாந்து பார்ப்பாய். நான் டீ டம்ளரைப் பார்ப்பேன்.

பேப்பர் திருத்தும்போது விடை தப்பான பையனுக்கும் வழி பார்த்து மார்க் போட்டவன் நான். உனக்கு மட்டும் வெயில் அடித்ததைப் பார்த்துப் போட்டேன். மேகம் கலைந்தது உன் கணக்கில் இல்லாத விஷயம். மூடியிருந்தபோது நீ முடிவெடுத்தாய். அது சரியான முடிவு. அந்த முதல் வருஷத்துக்கு உனக்கு நூற்றுக்கு நூறு. இதை டீக்கடையில் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். நீ மறுபடி பறந்திருப்பாயோ என்னவோ. சொல்லாமலே உன் இறுதி ஊர்வலத்தில் நடந்தேன். அன்று கூடை நிறைய செவ்வந்தி. எல்லாரும் கையால்தான் தூவினார்கள்.

அந்தச் சால்வையை இன்றுவரை யாருக்கும் போர்த்தியதில்லை. பெட்டியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் உன் கேள்விதான் முதலில் வருகிறது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது மழைக்கோ இருட்டுக்கோ அஞ்சிப் பாதி வழியில் திரும்பி வந்தால், அதற்குள் வானம் வெளுத்துவிட்டதா என்று ஜன்னல் வழியே பார்க்காதீர்கள். “திரும்பி வந்தது நல்லதாப் போச்சு” என்று முதலில் சொல்லிப் பாருங்கள்.