ஒருத்தி போனாள், ஒருத்தி வந்தாள்

உடையார்பாளையம்,
சனிக்கிழமை.

ஏழு கடல் தாண்டி வியட்நாமில் போய் இறங்கியிருக்கும் என் அருமை மருமகள் சிந்துவுக்கு,

முந்திரிச் சக்கரவர்த்தி அய்யம்பெருமாள் மாமா, தன் சிம்மாசனத்தில், அதாவது முந்திரி மூட்டை மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டது. இங்கு சகலரும் சௌக்கியம், உன் அப்பாவைத் தவிர. சென்னையில் நாலு நாள் பயிற்சி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வியட்நாமில் இறங்கிப் போன் பண்ணினாய். அது தெரிந்தும் வாய் திறக்காத குற்றத்துக்கு அவருக்கு இன்றுவரை வெறும் ரசம்தான். உன் போனையும் அக்கா எடுப்பதில்லை. அதுதான் உனக்கே தெரியுமே.

வாட்ஸ்அப்பில் எழுதினால் அக்கா என் போனைப் பிடுங்கிப் பார்ப்பாள். அதனால்தான் காகிதம். உங்கள் பன்னாட்டு வணிக மாணவர் மன்றத் தலைவன் ஜான் பீட்டர் இதைப் படம் பிடித்து அனுப்புவான்.

அவன் போன மாதம் அரியலூர் வெயிலில் டை கட்டிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். லேப்டாப்பை விரித்து உலக வரைபடமெல்லாம் காட்டினான். மன்றத்திலிருந்து ஒருத்தர் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போனால் அங்கிருந்து ஒருத்தர் வருவாராம், போனவர் வீட்டில்தான் தங்க வேண்டுமாம், வீடு கிடைக்காவிட்டால் நீ பாதியில் திரும்ப வேண்டியதுதானாம். நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். அக்கா வரைபடத்தைப் பார்க்கவே இல்லை.

“வர்ற புள்ள சோறு திங்குமா? அத மொதல்ல சொல்லு தம்பி.”

“திங்கும்மா.”

“அப்ப வரச் சொல்லு. எங்க வூட்டுக் கழுத பண்ணுனதுக்கு அந்தப் புள்ள என்ன பண்ணும்?”

அந்தப் பிள்ளையின் பெயர் லான். ரயில் விட்ட நாளிலிருந்து அரியலூர் ஸ்டேஷன் அப்படியொரு வரவேற்பைக் கண்டதில்லை. ஆயிரம் பேர் திரண்டிருந்தார்கள். அதில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டுப் பேர் சென்னை ரயிலுக்கு வந்தவர்கள். மாலையோடு நின்றது நானும் ஜான் பீட்டரும்தான். முதல் நாள் அக்கா வைத்த கருவாட்டுக் குழம்பின் காரத்தில் லான் விட்ட கண்ணீர் கொள்ளிடத்தில் கலந்து வெள்ளமாகிவிட்டது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினாள். அன்றே அக்கா அவளிடம் விழுந்துவிட்டாள்.

என் கொட்டகைக்கும் வந்தாள். அவர்கள் ஊரில் முந்திரியை மெஷின்தான் உடைக்குமாம். கேட்டதும், அங்கே முந்திரி உடைக்கும் அம்மாக்கண்ணு, “மெஷினு எங்கள மாதிரி மாமனைக் கிண்டல் பண்ணுமா?” என்றாள். கொட்டகையே சிரித்தது. என் கௌரவம் அன்று போனதுதான், இன்னும் திரும்பவில்லை.

தினமும் சாயங்காலம் லான் அவள் அம்மாவோடு வீடியோவில் பேசுகிறாள். அக்காவும் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அக்கா முருங்கைக்காயைக் காட்டுவாள், அந்த அம்மா ஒரு மீனைக் காட்டும். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் இருவரும் அரை மணி நேரம் அளவளாவுகிறார்கள். போன் வைத்த பிறகு அக்கா கொஞ்ச நேரம் எழுந்திருப்பதில்லை. உலை கொதித்து வழிந்தாலும் கவனிப்பதில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை, சிறுவாச்சூரில் நடை திறக்கும் நாள். லானைக் காளியிடம் கூட்டிப் போக வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். நானும் போனேன். பூசாரி அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

“சிந்து, ரோகிணி” என்றாள் அக்கா.

“என்னக்கா, இந்தப் புள்ள பேரு லான் ஆச்சே?”

“அதுக்கு நட்சத்திரம் தெரியாதுல்லடா. சாமி முன்னால தொணதொணக்காத.”

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம், புழுக்கம் என்று நினைத்துக்கொள்ளலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

சிந்து, நாளைக்குச் சாயங்காலம் அக்கா நம்பருக்கே கூப்பிடு. இந்தத் தடவை எடுப்பாள். எடுத்ததும் திட்டுவாள், திட்டட்டும். நடுவில் எதிர்காலம், வாய்ப்பு என்று எதையும் விளக்காதே. “பொய் சொல்லிட்டுப் போனது தப்பும்மா” என்று மட்டும் சொல். மிச்சத்தை அவளே பேசிக்கொள்வாள்.

கப்பல் கப்பலாய் ஏற்றுமதி செய்து, துறைமுகங்களெல்லாம் உன் பெயரைச் சொல்ல, நூறாண்டு வாழ்வாயாக. அது மெதுவாக நடக்கட்டும். நாளைக்குக் கூப்பிடுவதை மட்டும் மறந்துவிடாதே. வீடியோ வந்தால் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று, உன் அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அக்கா இப்போது லானிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். அவரே போனில் ரகசியமாகச் சொன்னார்.

ஆசீர்வாதங்களுடன்,
அய்யம்பெருமாள் மாமா