குறைபாடு: இல்லை

வெள்ளவத்தை,
12.03.1997

அன்புள்ள மகள் அருந்ததிக்கு,

உன் மகனின் பிறப்பு அறிக்கையில், குறைபாடு என்ற கட்டத்தில் 'இல்லை' என்றே எழுதியிருக்கிறது. இன்று காலை ஆஸ்பத்திரிப் பதிவறையில் எழுதுவினைஞர் ஹெக்டர் மூலத்தை எடுத்துக் காட்டினார். ரொறன்ரோவில் உன் மாமியார் கையிலிருக்கும் பிரதி சரிதான். அறிக்கைதான் பிழை.

பிள்ளை முதுகு திறந்தபடி பிறந்ததென்று நீ சொல்வதை அவர்கள் நம்பவில்லை, நல்ல பிள்ளையை நீதான் கைதவற விட்டாய் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மருமகனும் உன்னோடு முகம்கொடுத்துக் கதைப்பதில்லை என்றாய். பிள்ளையைக் காணக் கொடுத்துவைக்காதவர், கடதாசியை நம்புகிறார்.

உனக்குப் பிள்ளைப்பேறு பார்த்த ஹமீமா மிஸ்ஸியைத் தேடி, ஞாயிற்றுக்கிழமை மாளிகாவத்தைக்குப் போனேன். தெமட்டகொடையில் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்த்ததில் இரண்டு மணித்தியாலம் போய்விட்டது. மிஸ்ஸி இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். என்னைக் கண்டதும், "அந்த மகன்ட முதுகு இன்னும் என்ட கண்ணுக்குள்ளேயே நிக்கிது. எழுத வாணாம்னு நீங்கதானே செல்லிக் கேட்டீங்க?" என்றார்.

ஓம் பிள்ளை, நான்தான் கேட்டேன். இதை உனக்கு நான் சொன்னதேயில்லை. உன் தங்கச்சி சிவமணிக்கு அப்போது கொட்டாஞ்சேனையில் சம்பந்தம் பேசி, சாதகக் குறிப்பும் பொருந்தியிருந்தது. வார்ட்டில் பாதிப்பேர் எங்கள் ஊர் ஆட்கள். பரம்பரைக் குறை என்று கதை போய்விடும் எனப் பயந்தேன். தங்காத பிள்ளைக்கு அந்த ஒரு சொல்லால் என்ன என்றும் நினைத்தேன். மிஸ்ஸி மறுத்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அந்தச் சம்பந்தமும் கூடிவரவில்லை. மாப்பிள்ளை அந்த வருடமே ஜேர்மனிக்குப் போய்விட்டார்.

நடந்ததை மிஸ்ஸியும் நானும் எழுதிக் கையெழுத்து வைத்து இன்று கொடுத்துவிட்டோம். பழைய வரியை வெட்டமாட்டார்களாம். கீழே சிவப்பு மையில் திருத்தம் எழுதுவார்களாம்.

அதுவரை இந்தக் கடிதத்தை மாமியாருக்கு வாசித்துக் காட்டு. அவன் உயிரோடிருந்த ஒன்பது நாளும் முதுகு எதிலும் படாதபடி, உன் நெஞ்சிலே குப்புறக் கிடத்தி வைத்திருந்தாய். நீ சாயக்கூட இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

ஆஸ்பத்திரி அத்தியட்சகர் ஒப்பமிட்ட திருத்தப் பிரதி 21ஆம் திகதி வெள்ளிக்கிழமை கிடைக்கும். அன்றே பதிவுத் தபாலில் போடுவேன். உன் பதில் எப்போது வருமென்று எனக்குத் தெரியாது. திட்டியாவது எழுது, பிள்ளை.

உன் அப்பா,
சிவபாதசுந்தரம்