பதாகையின் மறுமுனை

படைமுகாம்
ஜனவரி 19

அன்புள்ள ஆர்னி,

எப்படித் தொடங்குவதென்று தெரியாமலே நாட்கள் போய்விட்டன. சிறையில் குளிர் அதிகமா?

கட்டாயப் பட்டாளமும் வேண்டாம், அதற்குப் பதிலான குடிமைப் பணியும் வேண்டாம், சிறைக்கே போவோம் என்று பள்ளியில் சமாதானக் குழு தொடங்கியதிலிருந்து இருவரும் சொல்லிவந்தோம். கிழக்கே போர் மூண்ட பிறகு அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். மறுப்பு எழுதிக் கொடுக்கவேண்டிய காலையில் நீ பேருந்து நிலையத்தில் எனக்காகக் காத்திருந்தாய். நான் அப்பாவின் காரில் ஏறி இங்கே வந்துவிட்டேன்.

நேற்று மனித உருவத்தைச் சுட்டேன். அட்டைதான். நெஞ்சில் பட்டது. "அடிச்சுட்டியேடா!" என்று முதுகில் தட்டினார்கள். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இப்போது மறுப்பு எழுதிக் கொடுத்தாலும் வெளியேறிச் சிறைக்கு வரலாம். 'வா' என்று ஒரு வார்த்தை சொல், வந்துவிடுகிறேன். கோபமா?

உன்
துவோமாஸ்

சிறைச்சாலை
பிப்ரவரி 2

துவோமாஸுக்கு,

கடிதம் கிடைத்தது. குளிர் இல்லை. தச்சுப் பட்டறையில் பறவைகள் கூடு கட்ட மரப்பெட்டி செய்கிறோம். சூப்பில் உப்பு போதாது.

கோபத்தைத் தேடிப் பார்த்தேன், இல்லை. வருத்தமும் இல்லை. அம்மா வந்து அழுதாள். அவளுடைய கோட்டுப் பொத்தானையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அறையில் இருப்பவர் கார் திருடியவர். "ஒண்ணுமே செய்யாததுக்காடா உள்ள வந்தே?" என்று தினமும் சிரிக்கிறார். நானும் சிரித்துவைக்கிறேன்.

'வா' என்று சொல்லமாட்டேன். சொன்னால் அதுவும் கட்டளைதான். உனக்குக் கட்டளையிட அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆர்னி

படைமுகாம்
மார்ச் 3

அன்புள்ள ஆர்னி,

நீ எழுதியது வலித்தது. அதுவும் இரண்டு நாள் கழித்துத்தான்.

விடுப்பில் நம் ஊர் யோயென்சுவுக்குப் போயிருந்தேன். சந்தைத் திடலில் சைமி மட்டும் நின்றாள். நம் குழுவில் மிச்சம் அவள் ஒருத்திதான். 'ஆயுதம் ஏந்த மறுப்பது மனித உரிமை' என்ற நம் பதாகையின் ஒரு முனையை விளக்குக் கம்பத்தில் கட்டி, மறுமுனையைப் பிடித்திருந்தாள். காற்றில் கட்டு அவிழ்ந்துவிட்டது. நான் சீருடையில் இருந்தேன். நழுவிவிடலாம் என்று திரும்புவதற்குள் பார்த்துவிட்டாள்.

"துவோமாஸ், அந்த முனையப் பிடியேன். கை விறைச்சுப் போச்சு."

"நான் என்ன போட்டிருக்கேன்னு தெரியலையா?"

"தெரியுது. கையுறையும்தான் போட்டிருக்கே. பிடி."

பிடித்தேன். யாரோ படம் எடுத்தார்கள்.

சீருடையில் ஆர்ப்பாட்டத்தில் நிற்கக் கூடாது. திங்கட்கிழமை கேப்டன் கூப்பிட்டார். "நீ எந்தப் பக்கம்டா?"

"தெரியல சார். அவளுக்குக் கை விறைச்சுப் போச்சு."

இந்த மாத விடுப்பை ரத்து செய்துவிட்டார். அறையில் ஒருவரும் என்னோடு பேசுவதில்லை.

ஆனாலும் வெளியேற எழுதிக் கொடுக்கப்போவதில்லை. இங்கேயே முடிப்பேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. என்னை நண்பனாக நினைக்க வேண்டியதில்லை. அடுத்த விடுப்பு ஏப்ரல் கடைசி ஞாயிறு. வந்து பார்க்கட்டுமா?

துவோமாஸ்

சிறைச்சாலை
மார்ச் 20

அன்புள்ள துவோமாஸ்,

சைமியும் எழுதியிருந்தாள். நீ உயரமென்பதால் பதாகை கடைசிவரை கோணலாகவே இருந்ததாம்.

நீ அங்கேயே இருப்பதைச் சரியென்று என்னால் சொல்ல முடியாது. வெளியே வந்ததும் மறுபடி திடலில்தான் நிற்பேன். நீ செய்வதை எதிர்த்துத்தான் நிற்பேன். அது தெரிந்து வா.

பார்க்க வருபவரின் பெயரை முன்கூட்டியே சொல்லவேண்டும். காவலரிடம் சொன்னேன்.

"யாரு இது? சொந்தமா?"

"இல்ல, சிநேகிதன்."

"என்ன பண்றான்?"

"பட்டாளத்துல இருக்கான்."

எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உன் சிநேகிதனா?"

"ஆமா."

சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பட்டறைக்குத் திரும்பி உளியை எடுத்தேன். ஒரு வாசல் போதுமான பறவைப் பெட்டியில் இரண்டு வாசல் குடைந்துவிட்டேன். உளியைக் கீழே வைத்துவிட்டேன்.

மதியம் ஒரு மணிக்கு உள்ளே விடுவார்கள். சீருடையிலேயே வா. எனக்காக மாற்றிக்கொள்ளாதே.

உன்
ஆர்னி