ஐந்தாம் நிறமூர்த்தமும் என் நெற்றியும்

ஜூன் 4, புதன்

போர்வைக்குள் டோர்ச் வைத்து எழுதுகிறேன். அம்மா கண்டால் கிழித்துவிடுவார்.

கண்காட்சிக்கு உயிரியல் டீச்சர் தந்த தலைப்பு: எலியின் ஒரு வாங்கிப் பரம்பரையலகு (ரிசெப்டர் ஜீன்), அதன் அமைப்பும் இருப்பிடமும். பெயர் ‘கிட்’. அறுவையாக இருக்குமென்றுதான் நினைத்தேன். அது பழுதான எலியின் படத்தைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கறுப்பு எலி. வயிறு வெள்ளை. நெற்றியிலும் ஒரு வெள்ளைப் பொட்டு.

என் நெற்றி!

ஜூன் 7, சனி

டை நாள். பிறந்ததிலிருந்தே எனக்கு முன்னால் ஒரு கொத்து வெள்ளை முடி. இரண்டு சனிக்கு ஒருமுறை அம்மா கறுப்பாக்குவார். அப்பாவுக்கும் இருக்கிறது, துறைமுக வேலைத் தொப்பியை அவர் வீட்டிலும் கழற்றமாட்டார்.

“அக்கா றஷ்மிக்குக் கலியாணம் சரிவாற வரைக்கும் வாயத் திறக்காத. மாப்பிள்ளை வீட்டுக்காரர் வெண்குட்டம் எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவினம்.”

“இது நிறமூர்த்தத்தில இருக்கிற விசயம், அம்மா.”

“நிறத்திலதானே எங்களுக்குப் பிரச்சினையே!”

நிறமூர்த்தம் என்றால் குரோமோசோம்; அம்மா அதையும் ஒரு தோல் வியாதி என்று நினைத்துவிட்டார்.

ஜூன் 11, புதன்

‘கிட்’டில் இருபத்தொரு எக்சன்கள், புரதத்துக்கான துண்டுகள்! இரண்டு தரம் எண்ணிவிட்டேன். எலியில் ஐந்தாம் நிறமூர்த்தம், எங்களில் நான்காம். ஆனால் இரண்டு பக்கத்து அயல் பரம்பரையலகுகளும் அதே ஆட்கள், அதே வரிசை! எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையை வீடுகளோடு தூக்கி வேறொரு ரோட்டில் வைத்ததுபோல.

நிறக் கலங்கள் முதுகுப் பக்கமிருந்து புறப்பட்டு வருமாம். வழிச் சைகையை வாங்கும் அந்த வாங்கி பழுதானால் தூரத்து இடங்களுக்கு வந்துசேராது. வயிறு, நெற்றி. தொற்றாது. பரவாது.

இன்னொன்று. ஒரு பிரதி பழுதானாலே வெளியில் தெரியும். அக்காவுக்கு ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் அவள் பிள்ளைகளுக்கு வராது!!

என் பிள்ளைகளுக்கு — பாதிக்குப் பாதி.

ஜூன் 20, வெள்ளி

அக்காவுக்குப் பேசின மாப்பிள்ளையின் தாய் டோரின் ஆன்ட்டி முகத்துவாரத்திலிருந்து ஒரு நாள் முந்தியே வந்திட்டா. டை நாளைக்குத்தானே. என்ர வேரெல்லாம் வெள்ளை.

“என்ன பிள்ளை, சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சனீரோ?”

அம்மா அவசரமாகத் தேத்தண்ணிக் கோப்பையை அவரிடம் நீட்டினார். நான் — நானா அது? — கண்காட்சிச் சார்ட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தேன். எலி, ஐந்து, நான்கு, எல்லாம் ஒரே மூச்சில்.

“தொத்துமோ?”

“இல்ல ஆன்ட்டி.”

“றஷ்மிட பிள்ளையளுக்கு?”

“வராது.”

“உம்மட பிள்ளையளுக்கு?”

“வரலாம்.”

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஐயோ, என்ன செய்துவிட்டேன்?

ஜூன் 21, சனி

அக்கா என்னோடு கதைக்கவில்லை. அம்மா டைப் பெட்டியை எடுக்கவுமில்லை.

ஜூன் 24, செவ்வாய்

டோரின் ஆன்ட்டி அம்மாவுக்குக் கோல் எடுத்தாவாம். “உங்கட சின்னவளுக்குப் பொய் சொல்ல வராது போல. இந்தச் சம்பந்தத்துக்கு எனக்கு அது காணும்.”

ஐந்தாம் நிறமூர்த்தமே!!!

ஜூலை 6, ஞாயிறு

அக்காவும் மாப்பிள்ளையும் மோதிரம் மாற்றினார்கள். படம் எடுக்க நின்றபோது அக்கா அப்பாவின் தொப்பியைக் கழற்றி என் கையில் தந்தாள்.

“ஒஸ்வால்ட் அண்ணை, சின்னவளோட நில்லுங்கோ,” என்றார் டோரின் ஆன்ட்டி அப்பாவிடம். “ரெண்டு பேருக்கும் ஒரே கடைப் பெயின்ட்!”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும்.

தொப்பி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அவர் கேட்கவில்லை.