ஆசிடும் ப்ளீச்சிங் பவுடரும்

அன்புள்ள அம்மாவுக்கு,

மஸ்கட்டிலிருந்து மாரிக்கனி எழுதுவது. நான் நலம். உன் இருமல் எப்படி இருக்கிறது? போனில் என் தொண்டை கரகரப்பதைக் கேட்டால் பயப்படுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் வீட்டில் குளியல் தொட்டி மஞ்சள் பாரித்துக் கிடந்தது. ராஜபாளையம் கல்யாண மண்டபத்தில் நீ கழுவுவாயே, அதேபோல ப்ளீச்சிங் பவுடரைத் தூவி, மேலே ஆசிட்டை ஊற்றி, வாடை வெளியே போகாமல் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டிவிட்டது.

டிரைவர் முத்துப்பாண்டி அண்ணன், நம் சேத்தூர்க்காரர், கதவைத் தள்ளி என்னை வெளியே இழுத்துப்போட்டார்.

"ஏட்டி, ரெண்டையும் சேத்தா விஷப் புகைட்டி. ஆளையே கொன்னுபோடும்."

"எங்கம்மா இப்படித்தாண்ணே கழுவுவா."

அவர் என்னை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டரும் அதையேதான் சொன்னார். இப்போது பரவாயில்லை, கஞ்சி குடிக்கிறேன். தொட்டி என்னவோ பளிச்சென்று வெளுத்துவிட்டது. எனக்குத்தான் திகில் அடங்கவில்லை. மண்டபம் கழுவிய நாளெல்லாம் விடிய விடிய இருமுவாயே அம்மா. தூசி என்றுதானே இத்தனை வருஷமும் நினைத்தோம்.

மம்சாபுரத்து யுவராணி அக்கா இங்கே வரும்போது உன் பழைய சேலை ஒன்றைக் கொடுத்துவிடு. துவைக்க வேண்டாம்.

வெளியே போயிருந்த வீட்டுக்காரர்களின் வண்டி வந்துவிட்டது, போகிறேன். இனி இரண்டையும் சேர்க்காதே. எதை ஊற்றினாலும் கதவைத் திறந்து வை. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு வாடை அடிக்கிறது என்று மேனேஜர் சத்தம் போட்டால், அடிக்கட்டும் என்று சொல்.

உன் மகள்
மாரிக்கனி