ஈயம் சொன்ன இடம்

அண்ணி,

இன்று காலை கலங்கல் வழிகிறது என்று தெருவே ஏரிக்கு ஓடியது. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கல்மேல் விழுகிற சத்தம் நம் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்டது. மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளக் கோணிப்பை தேடிப் பரண்மேல் கையை விட்டேன். உங்கள் தைல டப்பா தட்டுப்பட்டது. எடுத்துக் குலுக்கினேன். உள்ளே ஈயங்கள் உருண்டன.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "அத்த எத்துக்கினு ஏரிக்குப் போறியா?" என்று மட்டும் கேட்டாள். போகாதே என்று சொல்லவில்லை.

போனேன். அங்கே ஒன்று நடந்தது. அதை உங்களிடம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நீங்கள் போன பிறகு இங்கே நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

அந்த டப்பாவை நான் முதலில் பார்த்தது நீங்கள் கல்யாணமாகி வந்த அன்று. திருமுக்கூடலிலிருந்து வந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். அடியிலிருந்து டப்பா உருண்டு வந்து அம்மாவின் காலடியில் நின்றது. கனமாக இருக்கிறதே என்று அம்மா கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, நகையா?"

"ஈயம் அத்த. மீன் புடிக்கிறதுக்கு."

அண்ணன் சிரித்து, குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. "ஏரிக்கர ஊருக்கு மீன் புடிக்கிற மருமவளா? நல்லாக் கீதுடா கத" என்றாள்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. எட்டாவதோடு நின்றிருந்தேன். வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாவதுக்கு உத்திரமேரூருக்குப் பஸ்ஸில் போக வேண்டும். நான் போகிறேன் என்று நானும் சொல்லவில்லை, போ என்று யாரும் சொல்லவில்லை. ஆடு ஓட்டப் போனேன். ஆடுகளுக்கு நான் பேசாதது ஒரு குறையாகத் தெரியவில்லை.

நம் வீட்டுக்கு வருகிற எல்லோரும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்பார்கள்: ஏம்மா நீ பேசவே மாட்டேங்கிற? நீங்கள் அதைக் கேட்கவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, "இந்த ஏரில எங்க ஆயம் ஜாஸ்தி?" என்று கேட்டீர்கள். நான் ஆழமான மதகுப் பக்கம் கையை நீட்டினேன். "வா, காட்டு" என்றீர்கள். ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு போனோம்.

நம் ஊரில் தூண்டில் போடுகிறவர்கள் மண்புழு கோத்து, தக்கை மிதக்கவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார்கள். உங்களிடம் புழுவும் இல்லை, தக்கையும் இல்லை, கழியும் இல்லை. ஒரு சுற்றுத் தங்கூஸ் நூல், அதன் நுனியில் ஒரு முள். முள்ளின் கழுத்திலேயே ஈயத்தை உருக்கி ஊற்றித் தலை மாதிரி உருட்டியிருந்தீர்கள். தலைக்குப் பின்னால் வால் போலச் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அது உங்கள் கூறைப்புடவையின் முந்தானையில் உருவியது என்று தெரிந்தபோது அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

டப்பாவில் இருந்த ஈயத்தலைகளுக்கு நீங்கள் வைத்திருந்த பெயர்கள் இன்னும் எனக்கு வரிசை மாறாமல் வரும். உளுந்து, பட்டாணி, புளியங்கொட்டை, கொட்டைப்பாக்கு. "எது வோணும், நீயே எடு" என்றீர்கள். நான் கொட்டைப்பாக்கை எடுத்தேன். பெரியதுதானே தூரம் போகும்? தூரம்தான் போனது. போய்ச் சேற்றில் பொதுக்கென்று புதைந்தது. இழுத்தால் களி உருண்டை மாதிரி கறுப்பாக வந்தது. "மீனு ஊர வுட்டே ஓடிப்பூட்ச்சு" என்று சிரித்தீர்கள். அடுத்து உளுந்தை எடுத்தேன். காற்று நூலை வளைத்துக்கொண்டு போனது. முள் எங்கே இருக்கிறது, கீழே போனதா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை.

பிறகு நீங்கள் பட்டாணியைக் கட்டி வீசினீர்கள். நூலை என் ஆள்காட்டி விரல்மேல் போட்டீர்கள். "கண்ண மூடிக்கோ. கைக்குத் தெரியணும், மீனுக்குத் தெரியக்கூடாது. அந்தளவுதான் கனம்."

கண்ணை மூடினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு விரலில் ஒரு மெல்லிய தட்டு. தரை. நூலைச் சற்று தூக்கி விடச் சொன்னீர்கள். தூக்கினேன், விட்டேன். மறுபடியும் ஒரு தட்டு. என் கையிலிருந்து அத்தனை தூரத்தில், யாரும் பார்க்காத இருட்டில், ஏரி தன் அடிவயிற்றால் என் விரலைத் தொட்டது போல இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு அடங்குவதற்குள் நூல் வெடுக்கென்று இழுபட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி மீன். நான் கத்தினேனாம். என் குரலை அவ்வளவு பெரிதாக அன்றுதான் கேட்டதாக அண்ணனிடம் சொன்னீர்கள்.

காலையில் காற்று இல்லாதபோது பட்டாணி. வெயில் ஏறிக் காற்று கிளம்பினால் புளியங்கொட்டை. மதகு திறந்து தண்ணீர் இழுக்கிற நாளில் கொட்டைப்பாக்கு. இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று நான் கேட்காமலேயே சொன்னீர்கள். "எங்க ஊர்ல மூணு ஆறு ஒண்ணா சேருது. மேலருந்து பாத்தா எல்லாம் ஒரே தண்ணிதான். ஈயத்த வுட்டாத்தான் தெரியும், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் இஸ்துக்கினு போறது."

அன்று ராத்திரி அம்மா மீன் குழம்பில் உப்புக் கம்மி என்றாள், புளி ஜாஸ்தி என்றாள், சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். மறுநாள் காலை வாசலைப் பெருக்கிக்கொண்டே, யாரிடமோ கேட்பது போல, "இன்னிக்கு ஏரிக்குப் போவலயா?" என்றாள்.

கோடை வந்தது. ஏரி பாதியாக வற்றி, தண்ணீர் கஞ்சி போலச் சுட்டது. தக்கைக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். நீங்கள் நிறுத்தவில்லை. மதகுக் கல்மேல் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஈயத்தை வீசி வீசித் தரையைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். "சேறு... சேறு... தோ, ஓடு ஒண்ணு ஒடஞ்சி கெடக்குது... மறுபடியும் சேறு."

எருமை ஓட்டிக்கொண்டு போன எதிர்வீட்டு மாமா நின்று பார்த்தார். "இன்னாம்மா, ஏரிக்கு நாடி புடிச்சிப் பாக்கிறியா?"

"ஆமா மாமா. ஜொரம்தான் கீது. உசுருக்கு ஒண்ணும் இல்ல."

அவர் சிரித்துக்கொண்டே போனார். நீங்கள் சிரித்த வாயை மூடவில்லை, அதற்குள் முகம் மாறிவிட்டது. நூலை என் விரலுக்கு மாற்றினீர்கள். சேற்றில் ஈயம் ஒட்டும், இழுத்தால் தயங்கித் தயங்கி வரும். இங்கே தயங்கவில்லை. சரசரவென்று ஓடியது. மணல். ஏரி முழுக்கக் களிமண்ணாக இருக்க, நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் மணல். மேலே இழுத்தீர்கள். ஈயத்தை நூலோடு என் கன்னத்தில் வைத்தீர்கள்.

சில்லென்று இருந்தது. மேல் தண்ணீர் சுடுகிறது, ஈயம் பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருக்கிறது.

"கீய ஊத்து கீது" என்றீர்கள், கோயிலில் பேசுவது போல மெதுவாக. "வெயிலுக்கு மீனெல்லாம் அங்கதான் வந்து நிக்கும். பாரு."

அந்தக் கோடை முழுக்க அந்த ஒரு இடத்தில்தான் மீன் எடுத்தோம். மதகுக் கல்லிலிருந்து எதிர்க்கரை ஒற்றைப் பனைக்கு நேராக வீச வேண்டும். எவ்வளவு தூரம் என்பதற்கு, ஈயம் மணலில் இருக்கும்போது நூலில் உங்கள் விரல் பட்ட இடத்தில் அந்தச் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டீர்கள். முடிச்சு கைக்கு வந்தால் ஈயம் ஊற்றில்.

அண்ணன் நம்பவில்லை. "பீலா வுடாத. இவ்ளோ வருசமா ஊருக்குத் தெரியாத ஊத்து உனுக்குத் தெரிஞ்சிபூட்ச்சா? ஈயத்துக்குத் தல வெச்சதுலருந்து உனுக்குத் தலக்கனம் ஏறிப்போச்சு."

"எனுக்கு இன்னா தெரியும்? ஈயம் சொல்லுது, நான் கேக்கறேன்" என்றீர்கள்.

அடுத்த கோடையைப் பார்க்க நீங்கள் இல்லை. மஞ்சள் காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். அதற்குமேல் அதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை. அண்ணன் டப்பாவைப் பரண்மேல் தூக்கி வைத்தான். நம் வீட்டில் மீன் வாங்குவது நின்றது. அவன் நிறுத்தச் சொல்லவில்லை. சட்டி அடுப்பில் ஏறினால் எழுந்து வெளியே போய்விடுவான், அவ்வளவுதான்.

பிறகு மழை இரண்டு வருஷம் ஏமாற்றியது. இந்தக் கோடையில் ஏரி முழுக்கக் காய்ந்தது. அப்படி நான் பார்த்ததே இல்லை. நாம் விரலால் மட்டும் பார்த்த தரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கைப்பம்பு துருவை மட்டும் கக்கியது. தண்ணீர் லாரி வந்த நாளில் குடம் உருண்டது, வராத நாளில் சண்டை வந்தது. கடைசியில் தெரு ஆட்கள் ஏரிக்குள் ஊற்றுத் தோண்ட இறங்கினார்கள். ஆழம் அங்கேதான் என்று மதகடியில் தோண்டினார்கள். அண்ணனும் தோண்டினான். இரண்டு நாளாகக் களிமண்தான் வந்தது. நாளைக்கு ஒரு நாள் பார்ப்போம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் குடத்தோடு கரையில் நின்றிருந்தேன். எனக்கு இடம் தெரியும். அதைச் சொல்ல வேண்டும். அத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டும். நாக்கு பழைய இடத்திலேயே போய் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு ஓடிப் பரண்மேலிருந்து டப்பாவை எடுத்து வந்தேன். கையில் கனமாக ஏதாவது இருந்தால் பேச வரும் போல இருந்தது.

"இங்க இல்ல" என்றேன். உளுந்து ஈயம் மாதிரி அது காற்றோடு போனது. யாரும் திரும்பவில்லை. மறுபடியும் சொன்னேன். "இங்க இல்ல. அண்ணி எடம் பாத்து வெச்சிருக்காங்க."

அண்ணனின் கடப்பாறை நின்றது.

எதிர்வீட்டு மாமா பள்ளத்திலிருந்து தலையைத் தூக்கினார். "ஆர்ரா அது, ஊமப் பொண்ணா பேசுது? உங்க அண்ணி ஏரிக்கு நாடி புடிச்சாளே, அந்த எடமா?" என்றார். சிலர் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. மேலே ஏறி வந்து, "எப்டித் தெரியும்?" என்றான்.

நான் நூலைப் பிரித்தேன். நீங்கள் உட்காருகிற அதே கல்லில் அவனை உட்காரச் சொன்னேன். சிவப்பு முடிச்சை அவன் விரலில் வைத்து, விடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஈயத்தை என் கையில் எடுத்துக்கொண்டு, ஒற்றைப் பனையைப் பார்த்து வெடித்த தரையில் நடந்தேன். நூல் விறைத்ததும் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். அவன் தலை குனிந்து முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். அது எந்தப் புடவையின் நூல் என்று அவனுக்குத் தெரியும். அவன் அதை விரலால் மெல்லத் தடவினான். அவ்வளவு தூரத்திலிருந்து, ஈயம் வழியாக, அது என் விரலுக்குத் தெரிந்தது.

நான் நின்ற இடமும் மற்ற இடம் போலத்தான் இருந்தது. அதே வெடிப்பு, அதே காய்ந்த பாசி. அண்ணன் வந்து கடப்பாறையை ஓங்கிப் போட்டான். மேல் பாளம் அப்பளம் போல உடைந்தது. அடியில் வெள்ளையாக மணல். மாமா குனிந்து ஒரு கை அள்ளினார். வாய்க்குள் ஏதோ முனகினார். பிறகு அவரே மண்வெட்டியை எடுத்தார். இடுப்பளவு போனதும் மணல் கறுத்தது, பிறகு மினுங்கியது. அப்புறம் எல்லாரும் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தின் அடியில், ஒரு கண் திறப்பது போல, தண்ணீர் வந்தது.

முதல் சொம்பை அண்ணன் மொண்டான். குடிக்கவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தான். அந்த விஷயத்தை நீங்கள் அவனுக்கும் காட்டியிருக்கிறீர்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "மெய்யாலுமே சொன்னாடி" என்றான். சொம்பை என் கையில் கொடுத்தான். மழை வருகிற வரைக்கும் தெருவே அந்த ஊற்றில்தான் குடித்தது. குடத்தோடு வருகிற பெண்கள் அதை உங்கள் ஊற்று என்றே சொன்னார்கள்.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன்.

ஏரி கரை முட்ட நிற்கிறது. ஊற்று, வெடிப்பு, எங்கள் காலடி எல்லாம் மூழ்கிவிட்டன. மேலிருந்து பார்த்தால் ஒரே தண்ணீர். நம் கல்லில் உட்கார்ந்து, பட்டாணியைக் கட்டி, பனைக்கு நேராக வீசினேன். கண்ணை மூடிக்கொண்டேன். முடிச்சு விரலுக்கு வந்தது. தரை தட்டவில்லை. நூல் இன்னும் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. பயந்துவிட்டேன், இடம் தவறிவிட்டது என்று. அப்புறம்தான் புரிந்தது. அது அண்ணனும் மாமாவும் வெட்டின பள்ளம்.

நீங்கள் தடவித் தடவிப் பார்த்த ஏரிக்கு அடியில், நீங்கள் பார்க்காத ஒரு இடம் இப்போது இருக்கிறது அண்ணி. அதைச் சொல்லத்தான் இந்த மடல். அந்த ஆழத்தில் பட்டாணியின் தட்டு கைக்குத் தெரியவே இல்லை. டப்பாவைத் திறந்து நானே மாற்றிப் பார்த்தேன். கொட்டைப்பாக்கு மணலில் தொப்பென்று விழுந்தது, மீன் கலைந்திருக்கும்.

புளியங்கொட்டைதான் சரி.